எலுமிச்சையை முகத்தில் தேய்க்காதீர்கள், தயவுசெய்து

இந்த வாரமும் ஒருவர் வந்தார். கன்னத்தில் சாறு வழிந்த தடத்திலேயே கருமை, ஓரத்தில் கொப்புளம். எலுமிச்சையைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போயிருக்கிறார். கேட்டால், “இயற்கையான வைட்டமின் சி தானே டாக்டர்?” ஒவ்வொருவராகச் சொல்லி மாளவில்லை, எழுதியே விடுகிறேன்.

100 மில்லி எலுமிச்சைச் சாற்றில் வைட்டமின் சி ஏறக்குறைய 40 முதல் 50 மில்லிகிராம்தான். கடையில் விற்கும் 10 சதவீத வைட்டமின் சி சீரத்தில் (முகத்தில் தடவும் திரவம்), அதே 100 மில்லிக்கு 10 கிராம். இருநூறு மடங்கு வித்தியாசம்! அப்படியானால் சாறு பட்டதும் சுரீரென்று பிடிப்பது எது? சிட்ரிக் அமிலம். சாற்றில் வைட்டமின் சியைவிட அதுதான் பல மடங்கு அதிகம். போதாக்குறைக்கு எலுமிச்சையில் ஃபியூரோகூமரின் என்ற பொருளும் இருக்கிறது. அது படிந்த இடத்தில் வெயில் பட்டால் ஒன்றிரண்டு நாளில் தீக்காயம் போலச் சிவந்து கொப்புளிக்கும். புண் ஆறிய பிறகும் கருமை மாதக்கணக்கில் நிற்கும். எதைக் கலந்து நீர்க்கச் செய்தாலும் இந்த ஆபத்து போகாது. வைட்டமின் சி மாத்திரையைப் பொடித்துக் கரைத்துத் தடவுவதும் வேண்டாம். அதன் அமிலத்தன்மையை வீட்டில் யார் அளக்கப் போகிறீர்கள்?

“எரிஞ்சாதான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்” என்பதும் தவறு. எல்-அஸ்கார்பிக் அமிலம், அதாவது சீரத்தில் இருக்கும் சுத்தமான வைட்டமின் சி, பிஹெச் (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 3.5க்குக் கீழே இருந்தால்தான் தோலுக்குள் நன்றாக இறங்கும். அதனால் லேசான குறுகுறுப்பு வரலாம், சில நொடிகளில் அடங்கிவிடும். எரிச்சலும் சிவப்பும் நீடித்தால் உடனே கழுவுங்கள். பொறுத்துக்கொள்வதற்குப் பரிசு எதுவும் கிடையாது.

சீரம் வாங்கும்போது 10 சதவீதத்தில் தொடங்குங்கள். 20க்கு மேல் போனால் எரிச்சல்தான் கூடும், உள்ளே இறங்கும் அளவு அதிகரிக்காது. வைட்டமின் இ, ஃபெரூலிக் அமிலம் சேர்ந்திருந்தால் நல்லது, சீக்கிரம் கெடாது. சென்சிடிவ் சருமமா? சோடியம் அஸ்கார்பைல் பாஸ்பேட் போன்ற சாதுவான வைட்டமின் சி வகைகளைப் பாருங்கள். ஆனால் அவற்றுக்கு ஆதாரம் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சீரம் கொண்டுவருபவர்களின் முகத்தைப் பார்க்கும் முன் நான் பாட்டிலைத்தான் பார்ப்பேன். பாதிப் பாட்டில்கள் தேநீர் நிறத்தில் இருக்கும். காசு கொடுத்து வாங்கியது என்று அதையும் தடவுகிறார்கள்! அது ஆக்ஸிஜன் பட்டுக் கெட்டுப்போனது, தோலில் ஆரஞ்சுக் கறைதான் மிஞ்சும், தூக்கிப் போடுங்கள். சில தயாரிப்புகள் தொடக்கத்திலிருந்தே மஞ்சளாக இருக்கும். அதனால் திறந்த அன்றைய நிறத்தை நினைவில் வையுங்கள். இருண்ட கண்ணாடி பாட்டில், இறுக்கமான மூடி, குளிர்ந்த இடம். குளியலறை அலமாரி வேண்டவே வேண்டாம்.

காலையில் முகம் கழுவித் துடைத்தபின் நாலைந்து சொட்டு, அதன்மேல் சன்ஸ்கிரீன். சீரம் போட்டாச்சே என்று சன்ஸ்கிரீனை விடாதீர்கள், ப்ளீஸ். பருவுக்குப் பென்சாயில் பெராக்சைடு மருந்து போடுபவர்கள் அதை இரவுக்கு ஒதுக்குங்கள், இரண்டும் சேர்ந்தால் வைட்டமின் சி வீணாகும். மூன்று மாதமாவது பொறுத்துப் பாருங்கள். அப்புறம், ஏற்கெனவே எலுமிச்சையால் கொப்புளம் வந்திருந்தால் அதன்மேல் எந்த சீரமும் தடவாதீர்கள். வெயில் படாமல் மூடிக்கொண்டு நேரே தோல் மருத்துவரிடம் வாருங்கள்.