நேரத்தை அளக்க ஒரு சுருள் ஃபைபர்

நெல்லை வண்ணார்பேட்டையில் ஜேசிபி தோண்டியதில் ஃபைபர் அறுந்துபோனால் கேபிள்காரர் தெருத்தெருவாகத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். ஓடிடிஆர் கருவியை ஒரு முனையில் மாட்டுவார், அது ஒரு ஒளித்துடிப்பை உள்ளே அனுப்பி, அறுந்த இடத்தில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, இத்தனையாவது மீட்டரில் கட் என்று காட்டிவிடும். அங்கே நேரத்திலிருந்து நீளம் கிடைக்கிறது. அதையே திருப்பிப் போட்டால் நீளத்திலிருந்து நேரம் கிடைக்கும். நொடிக்குப் பத்து லட்சம் படம் எடுக்கும் கேமராவின் நேரம் சரியாக இருக்கிறதா என்று அப்படித்தான் சோதிக்கலாம்.

ஒளி வெற்றிடத்தில் நொடிக்கு 2,99,792 கிலோமீட்டர் போகிறது, கண்ணாடி இழைக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு வேகம்தான். ஒரு மீட்டர் இழையைக் கடக்க ஏறக்குறைய 5 நானோ செகண்ட் (ஒரு நானோ செகண்ட் என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) ஆகும். பத்து லட்சம் ஃபிரேம் கேமராவில் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1 மைக்ரோ செகண்ட், அதற்கு 200 மீட்டர் இழை போதும். போனில் இருக்கும் 960 ஃபிரேம் ஸ்லோமோஷனுக்கு இந்த வழி ஆகாது, நெல்லையிலிருந்து கிட்டத்தட்ட திண்டுக்கல் வரைக்கும் இழை போட வேண்டியிருக்கும்.

சரி, எப்படிச் செய்வது? 20, 40, 60 என்று 200 மீட்டர் வரை பத்து இழைகள். ஒரு பக்கத்து முனைகளை ஒரே கட்டாகக் கட்டி, சில நானோ செகண்டே நீடிக்கும் பச்சை லேசர் துடிப்பின் முன்னால் வைக்கிறோம். மறுபக்கத்து முனைகளைக் கேமராவுக்கு எதிரே வரிசையாக நிறுத்துகிறோம். லேசர் ஒருமுறை பளிச்சிட்டால் பத்துப் புள்ளிகளும் சுமார் 100 நானோ செகண்ட் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக மின்னும். ஷட்டர் திறந்திருந்தபோது மின்னிய புள்ளிகள் மட்டுமே அந்த ஃபிரேமில் பதியும். 300 நானோ செகண்ட் என்று அமைத்த ஷட்டரில் மூன்று புள்ளி விழ வேண்டும், ஐந்து விழுந்தால் ஷட்டர் சொன்னதைவிட நெடுநேரம் திறந்திருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, லேசர் முந்தியோ பிந்தியோ பளிச்சிட்டாலும் கவலையில்லை என்பது. பத்துப் புள்ளிகளும் ஒரே துடிப்பிலிருந்து பிரிந்தவை, அவற்றின் இடைவெளியை இழையின் நீளம் மட்டுமே முடிவு செய்கிறது. பத்து எல்இடிகளைத் தனித்தனி மின்சுற்றில் எரியவிட்டால் ஒவ்வொன்றின் தாமதத்தையும் தனியே சரிபார்க்க வேண்டிவரும்.

ஸ்ட்ரீக் கேமராவில்தான் இந்த முறை இன்னும் அவசியம். அது ஃபிரேம் ஃபிரேமாக எடுப்பதில்லை. ஒரு மெல்லிய பிளவில் விழும் ஒளியை எலக்ட்ரான்களாக மாற்றி, உயர் மின்னழுத்தத்தால் திரையின் குறுக்கே இழுத்துக்கொண்டு போகிறது, அதனால் நேரம் திரையில் தூரமாக விரிகிறது. ஆனால் அந்த மின்னழுத்தம் ஒரே சீராக ஏறுவதில்லை, அதனால் திரையின் நடுவில் ஒரு பிக்சல் காட்டும் நேரமும் ஓரத்தில் ஒரு பிக்சல் காட்டும் நேரமும் ஒன்றாக இருக்காது. சில சென்டிமீட்டர் நீள வித்தியாசமுள்ள இழைகளைப் பிளவின் நெடுகிலும் வைத்தால் (1 சென்டிமீட்டர் என்பது சுமார் 50 பிக்கோ செகண்ட், அதாவது 0.05 நானோ செகண்ட்) எந்த இடத்தில் எவ்வளவு பிசகு என்று அப்படியே தெரிந்துவிடும். இங்கே தடித்த கோர் (ஒளி போகும் நடுப்பகுதி) உள்ள மல்டிமோடு இழை வேண்டாம். அதற்குள் ஒளி நேராகவும் சாய்ந்து மோதியும் பல வழிகளில் போவதால் துடிப்பு மீட்டருக்குப் பத்துக்கணக்கான பிக்கோ செகண்ட் அகன்றுவிடும். 100 நானோ செகண்ட் படிகளுக்கு அது பொருட்டே இல்லை, ஸ்ட்ரீக் கேமராவுக்கோ அளவையே கெடுத்துவிடும்.

பலரும் கவனிக்காமல் விடுவது ஒளிவிலகல் எண்ணை, அதாவது ஒளி வெற்றிடத்தைவிட இழைக்குள் எத்தனை மடங்கு மெதுவாகப் போகிறது என்பதை. ஃபைபர் விவரத்தாளில் இருக்கும் 1.468 என்பது 1550 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளிக்கானது. கேமரா சிப் அந்த ஒளியைப் பார்க்காது, அதனால்தான் பச்சை லேசர். பச்சை ஒளித்துடிப்புக்கு அந்த எண் 1.49-ஐ ஒட்டி வரும். பழைய எண்ணையே போட்டால் ஒரு சதவீதத்துக்கு மேல் தப்பு. சாதாரண ஒளிவிலகல் எண்ணையும் எடுக்கக் கூடாது, துடிப்பு பயணிக்கும் வேகத்துக்கான குழு ஒளிவிலகல் எண்தான் வேண்டும்.

நம்மூர் வெயிலும் கணக்கில் வரும். ஒரு டிகிரி ஏறினால் ஒரு கிலோமீட்டர் இழையில் 35 பிக்கோ செகண்ட் அளவுக்குத் தாமதம் கூடும். 200 மீட்டருக்கு அதை விட்டுவிடலாம்.

மகேந்திரகிரியில் ராக்கெட் இன்ஜின்களைச் சோதிக்கும் மாவட்டம் இது, இங்குள்ள கல்லூரி ஆய்வகங்களில் இந்தச் சோதனை கட்டாயம் நடக்க வேண்டும். நீளத்தை டேப் வைத்து அளக்க வேண்டாம். பயன்படுத்தப்போகும் அதே லேசரை ஒவ்வொரு இழையிலும் விட்டு, வேகமான ஃபோட்டோடயோடையும் ஆஸிலோஸ்கோப்பையும் வைத்துத் தாமதத்தை நேரடியாகக் குறித்துக்கொண்டால் ஒளிவிலகல் எண்ணே தேவைப்படாது.