புலிட்சர் பரிசு: சொல் விளக்கம்

இதழியல், இலக்கியம், இசை ஆகிய துறைகளுக்கு அமெரிக்காவில் ஆண்டுதோறும் வழங்கப்படுவது புலிட்சர் பரிசு. பெயரில் புலி இருந்தாலும் அந்த விலங்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இன்றைய செக் நாட்டின் மொராவியாப் பகுதியில் போலிட்சே என்றோர் ஊர் உண்டு. ஜெர்மன் மொழியில் புல்லிட்ஸ். 'புலிட்சர்' என்றால் அந்த ஊர்க்காரர் என்று பொருள். அங்கிருந்து ஹங்கேரிக்குப் போன யூதக் குடும்பத்துக்கு ஊர்ப்பெயரே குடும்பப் பெயராக நின்றுவிட்டது. சிலர் 'பியூலிட்சர்' என்கிறார்கள், அது தவறு. முதலெழுத்து 'பு'தான், ஆகவே தமிழில் எழுதுகிறபடியே படித்தால் போதும்.

அந்தக் குடும்பத்தில் 1847இல் பிறந்த ஜோசப் புலிட்சர், 1864இல் அமெரிக்கா போய் உள்நாட்டுப் போரில் சிப்பாயாக இருந்தார். அப்புறம் பத்திரிகையாளர், பத்திரிகை முதலாளி. 1890களில் அவருடைய 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழும் போட்டி முதலாளி ஹெர்ஸ்டின் 'ஜர்னல்' நாளிதழும் விற்பனைக்காகப் பரபரப்புச் செய்திகளில் போட்டி போட்டன. மஞ்சள் அங்கி போட்ட ஒரு கேலிச்சித்திரப் பையனுக்காகவும் அடித்துக்கொண்டன. 'மஞ்சள் பத்திரிகை' என்ற வசவு பிறந்தது அந்தப் போட்டியில்தான். அதில் பாதிப் பங்குள்ளவர் பெயரில்தான் நல்ல இதழியலுக்கான பரிசும் இருக்கிறது! 1911இல் இறந்த அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்த பணத்தில், 1917இல் முதல் பரிசுகள் தரப்பட்டன. இசைக்கான பரிசு 1943இல்தான் வந்தது.

சரி, தமிழில் பரிசா, விருதா? செய்திகளில் இரண்டும் புழங்குகின்றன. விருது என்பதற்குப் பட்டம், கொடி, சின்னம் என்பவை பழைய பொருள்கள். ஒருவரின் பெருமைக்கு அடையாளம் அது. பரிசுக்கோ சங்கப் புலவர்கள் பாடிப் பெற்ற 'பரிசில்' பக்கத்து உறவு. புலிட்சர் வாழ்நாள் சாதனைக்காகத் தரப்படுவதல்ல. பெரும்பாலும் முந்தைய ஆண்டில் வெளிவந்த ஒரு குறிப்பிட்ட நாவலுக்கோ செய்தித் தொடருக்கோ இசைப்படைப்புக்கோ 15,000 டாலர் தருகிறார்கள். அதனால் 'பரிசு' என்பதே என் தேர்வு. 'சாதனையாளர் விருது' என்று எழுதினால் பொருளே மாறிவிடும். பொதுச்சேவைப் பிரிவில் மட்டும் பணம் கிடையாது, தங்கப் பதக்கம். அது பத்திரிகை நிறுவனத்துக்குப் போகும்.

'புலிட்சருக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்' என்று சிலர் போட்டுக்கொள்வதுண்டு. விதிக்கு உட்பட்ட படைப்பு இருந்தால் கட்டணம் கட்டி யாரும் விண்ணப்பிக்கலாம். அவர்கள் வெறும் விண்ணப்பதாரர்கள். நடுவர்கள் தேர்ந்து அனுப்பும் சிலருக்கே 'இறுதிப் போட்டியாளர்' என்ற பெயர் பொருந்தும்.