தடைக்கால வீடும் படப்புத்தகமும்

குமரி மாவட்டத்தில் பல வீடுகளின் வருமானம் பருவத்தைப் பொறுத்தது. மேற்குக் கரையில் குளச்சல், தூத்தூர் பகுதி விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும், கிழக்கே சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும் மீன்பிடித் தடைக்காலம். குலசேகரம் பக்கம் மழை விடாமல் பெய்தால் ரப்பர் பால்வெட்டு நின்றுவிடும். குழந்தைகள் நல ஆலோசகராக நான் சந்திக்கும் பிள்ளைகள் பலர் இந்தத் தட்டுப்பாட்டை உணர்கிறார்கள். ஆனால் யாரும் காரணம் சொல்லாததால், அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது தாங்கள் அடம்பிடித்ததால்தான் என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளிடம் இதைப் பேசப் படப்புத்தகம் உதவும். தன் வீட்டைப் பற்றி வாய் திறக்கத் தயங்கும் பிள்ளை, படத்தில் இருக்கும் பிள்ளையைப் பற்றித் தயங்காமல் பேசும். எழுத்தை வாசிக்கும் முன் படத்தைக் காட்டி, "இந்த அம்மா ஏன் அரிசிப் பானையையே பார்க்கிறார்?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பக்கத்தைத் திருப்பாமல் காத்திருங்கள். உண்டியலில் காசு சேர்த்து மிதிவண்டி வாங்கும் கதைகளை நான் அதிகம் பரிந்துரைப்பதில்லை. இல்லாதவர்கள் சேமிக்கத் தெரியாதவர்கள் என்ற எண்ணத்தை அவை விதைத்துவிடக்கூடும். குடும்பமே கூடிப் பேசி ஒரு செலவைத் தள்ளிப்போடுவதும் அண்டை வீட்டார் கைகொடுப்பதும் வரும் கதைகளே மேல்.

கதை முடிந்ததும் வீட்டின் உண்மையான சேமிப்பைப் படமாக வரையச் சொல்லலாம். மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் தாங்கள் கட்டிய 1,500 ரூபாயுடன் அரசின் 3,000 ரூபாயும் சேர்ந்து, மீன் குறைந்த மாதங்களில் 4,500 ரூபாயாகக் கைக்கு வருவதைப் பெற்றோரே விளக்கினால், பிள்ளைக்குச் சேமிப்பு என்பது தன் வீட்டில் நடக்கும் காரியமாகப் புரியும்.

ஓர் எச்சரிக்கை: 2017 ஒக்கிப் புயலில் உறவினரை இழந்த வீடுகளில், அதற்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கும் அந்த இழப்பு தெரியும். அங்கே புயல் கதையை முன்னறிவிப்பின்றி எடுக்காதீர்கள். பிள்ளை புத்தகத்தை மூடினால் அத்துடன் விட்டுவிடுங்கள்.

பிள்ளையின் உண்டியலில் கைவைக்க நேர்ந்தால், அவர்களிடம் கேட்டு, அவர்கள் கண்முன்னே எண்ணி, திருப்பித் தரும் தொகையை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பத்து வயது நிறைந்தபின் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கைப் பிள்ளையே இயக்க முடியும் என்பதால், அந்தத் தொகையை அதில் செலுத்தியும் கடனை அடைக்கலாம்.