மத்தியானத்துக்கு மேல் குலை ஏன் குறைகிறது?

தோட்ட நிர்வாகம் ரப்பர் மரத்துக்குக் கொடுக்கும் மரியாதையைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். இரவு முழுக்க மரம் இலைத்துளைகளை மூடிக்கொண்டு வேர் வழியாகத் தண்ணீரை ஏற்றிக்கொள்கிறது. விடிவதற்கு முன் பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்களில் 10 வளிமண்டல அளவுக்கும் அதற்கு மேலும் அழுத்தம் ஏறிவிடும். கார் டயரில் இருப்பதைப் போல நான்கைந்து மடங்கு! அந்த நேரத்தில் வெட்டினால்தான் மங்கு, அதாவது பால் பிடிக்கும் கிண்ணம், நிறையும். வெயில் ஏற ஏற இலைகள் நீராவியை விடும், அழுத்தம் இறங்கும், பால் சீக்கிரமே நின்றுபோகும். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் நம் பாட்டிமார் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே பால் வெட்டப் போனதற்குக் காரணம் இதுதான். பெரட்டு நேரத்தையே, அதாவது காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் நேரத்தையே, மரத்தின் தண்ணீர்க் கணக்கு முடிவு செய்தது.

வெட்டுகிற ஆளுக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு. அதை யாரும் அவ்வளவு அக்கறையாகப் பார்ப்பதில்லை. இப்போது எங்கு பார்த்தாலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. அதன் பழக்குலைக்குக் காலை என்ன, மதியம் என்ன? எந்த நேரத்தில் அறுத்தாலும் எண்ணெய் அதேதான். அதனால் வேலை நடு வெயில்வரை இழுத்துக்கொண்டு போகிறது.

குலை அறுப்பவரைக் கொஞ்சம் கிட்டத்தில் நின்று பாருங்கள். பத்து மீட்டர் உயர மரம், நீளமான அலுமினியக் கம்பத்தின் நுனியில் அரிவாள். அண்ணாந்து பழத்தின் நிறத்தைப் பார்க்க வேண்டும், குனிந்து தரையில் உதிரிப் பழம் கிடக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டையும் வைத்துத்தான் பழுத்ததா இல்லையா என்று முடிவு. அப்புறம் மட்டையை அறுத்து, காம்பில் அரிவாளைப் போட்டு, உடம்பின் முழு எடையோடு இழுக்க வேண்டும். இருபது கிலோ குலை விழுந்ததும் அதைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் பாதையோரம் சேர்க்க வேண்டும். இத்தனையும் முழுக்கைச் சட்டை, பூட்ஸ், தலைக்கவசத்தோடு.

தசை செலவழிக்கும் சக்தியில் நான்கில் ஒரு பங்கு வேலையாக மாறினாலே பெரிது. மிச்சம் அத்தனையும் சூடு. இப்படிக் கடுமையாக உழைக்கும் உடம்பில் மணிக்குச் சுமார் 1,200 கிலோஜூல் வெப்பம் உண்டாகிறது. ஒரு லிட்டர் வேர்வை ஆவியானால் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். அப்படியென்றால் மணிக்கு அரை லிட்டர் போதுமே என்று தோன்றும். ஏட்டில் சரி. ஆனால் குளிர்ச்சியைத் தருவது ஆவியாகும் வேர்வை மட்டும்தான். சட்டையிலிருந்து சொட்டும் வேர்வையால் ஒரு பயனும் இல்லை. நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. செம்பனைக் காட்டுக்குள் நிழல் உண்டு, ஆனால் காற்று அசையாது. அரை லிட்டர் வேலையைச் செய்ய உடம்பு ஒரு லிட்டருக்கும் மேல் இறைத்துப் பார்க்கிறது.

இறைத்த தண்ணீர் இரத்தத்திலிருந்து போனது. சூட்டை வெளியேற்றத் தோலுக்கு இரத்தம் வேண்டும், அரிவாளை இழுக்கத் தசைக்கும் இரத்தம் வேண்டும். மொத்த அளவே குறையும்போது இதயம் வேகமாக அடித்துச் சமாளிக்கிறது. சிறுநீரகத்துக்குப் போகும் பங்கு சுருங்குகிறது. அறுபது கிலோ ஆள் ஒன்றேகால் லிட்டர் இழந்தாலே, அதாவது எடையில் இரண்டு சதவீதம் போனாலே, தாக்குப்பிடிக்கும் சக்தி இறங்கத் தொடங்கும். கவனமும் சேர்ந்து சிதறும். அப்போதுதான் காய் குலை அறுபடுகிறது, உதிரிப் பழம் புல்லுக்குள் கிடந்து வீணாகிறது. எண்ணெய் அதிகம் இருப்பது அந்த உதிரியில்தான்! இந்த நஷ்டம் பெரட்டுப் புத்தகத்தில் வராது. ஆலையில் எண்ணெய்ச் சதவீதம் குறையும்போது தெரியும், அதற்குள் எந்தக் காட்டில், எந்த மணியில் போனது என்று யாருக்கும் நினைவிருக்காது.

வானிலைத் துறை மூன்று நாள் தொடர்ந்து 35 டிகிரியை எட்டினால் வெப்ப எச்சரிக்கை விடுகிறது. அது காற்றின் சூடு மட்டும். உடம்புக்கு உதவும் அளவுகோல் வேறு. 1950களில் அமெரிக்க மரைன் படை வீரர்கள் பயிற்சியில் சுருண்டு விழுந்ததால் உருவாக்கப்பட்டது அது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவதில் 70 சதவீதம், வெயிலில் வைத்த கறுப்பு உருண்டைக்குள் இருப்பதில் 20 சதவீதம், சாதாரணக் காற்று வெப்பத்தில் 10 சதவீதம் என்று கூட்டுவார்கள். ஈரவெப்பம் 27, உருண்டை 42, காற்று 33 என்று வைத்துக்கொள்ளுங்கள். 30.6 வரும். 30ஐத் தாண்டினாலே, வெயிலுக்குப் பழகியவராக இருந்தாலும், கடும் வேலையில் ஒரு மணி நேரத்துக்குள் உழைப்பைவிட ஓய்வு அதிகமாக இருக்க வேண்டும் என்பது தொழில்நல வல்லுநர்களின் வரையறை. காற்று 33 டிகிரி என்பது நமக்குச் சாதாரண மத்தியானம். எச்சரிக்கையே வராது.

ஓய்வு என்றதும் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் முகம் சுளிப்பார். அவரைவிட முதலில் சுளிப்பது தொழிலாளிதான், குலைக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர் அல்லவா? சூடு ஏறினால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்வது உடம்பின் இயல்பான தற்காப்பு. குலைக்கூலி அந்தத் தற்காப்பை உடைத்துவிடுகிறது. யாரும் விரட்ட வேண்டியதில்லை, எடைத்தாளே விரட்டும். மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டும் இளைஞர்கள் பலர் சிறுநீரகம் கெட்டு இறந்திருக்கிறார்கள். அவர்களும் டன் கணக்கில் கூலி வாங்கியவர்கள்.

அங்கே எல் சால்வடோரில் 2014-15 அறுவடையின்போது ஒரு சோதனை செய்தார்கள். கையோடு தண்ணீர், தூக்கிச் செல்லக்கூடிய நிழல் கூடாரம், நேரம் குறித்த ஓய்வு, கைக்கு அடக்கமான புதுவகை வெட்டுக்கத்தி. ஓர் ஆள் ஒரு நாளில் வெட்டிய கரும்பு 5.1 டன்னிலிருந்து 7.3 டன்னாக ஏறியது. இதை முழுக்கத் தண்ணீரின் பெருமையாக எழுத எனக்குத் தயக்கம்தான். கத்தியும் மாறியது, ஆட்களும் கொஞ்சப் பேர். ஆனாலும் ஓய்வு கொடுத்தால் உற்பத்தி விழும் என்று சொல்கிறவர்கள் இந்த எண்களுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

இங்கே சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. திருத்தப்பட்ட தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உயிருக்கோ உடம்புக்கோ கடுமையான உடனடி ஆபத்து என்று நம்பத் தகுந்த காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க எதுவும் செய்யாவிட்டால் தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகலாம். குலைக்கூலிக்காரர் விலகுவாரா என்பது வேறு விஷயம். ஓய்வு நேரத்துக்கும் கூலி என்று எழுதித் தராதவரை மாட்டார்.

புது ஆட்கள்தான் முதல் கவலை. நேப்பாளத்து மலையிலிருந்து வந்தவருக்கும், ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியவருக்கும் வெயில் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அதற்குள் இரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வேர்வை சீக்கிரம் சுரக்கும், அதில் உப்பு குறையும். முற்றிலும் புதியவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை, பிறகு தினமும் இன்னொரு பங்கு என்பது நல்ல வழி. முதல் நாளே முழுக் காட்டையும் கொடுத்துவிட்டு, ‘இவன் சோம்பேறி’ என்று முத்திரை குத்துவதுதான் நடப்பு.

தண்ணீர் விஷயத்தில் தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. கால் மணிக்கோ இருபது நிமிடத்துக்கோ ஒருமுறை ஒரு கப். மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும், அதுவும் ஆபத்து. குலை ஏற்றப் போகும் டிராக்டரிலேயே ஒரு தண்ணீர்த் தொட்டியை ஏற்றிவிடலாம், செலவு பெரிதில்லை. ஆனால் உதிரி பொறுக்கும், உரம் போடும் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். காட்டுக்குள் கழிப்பறை இல்லை, ஒதுங்கினால் பாம்புப் பயம், ஆள் நடமாட்டம் வேறு. தொட்டிக்குக் கையெழுத்துப் போடுகிற நிர்வாகி அதே தாளில் கழிப்பறைக்கும் போட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் குடிக்கச் சொல்லி எத்தனை அறிவிப்பு ஒட்டினாலும் அந்தப் பெண்கள் குடிக்க மாட்டார்கள்.