நூல் குளம் இல்லைங்க, இழை இருப்பு

ஆர்பிசி (வேற கம்ப்யூட்டர்ல ஓடுற ப்ரோக்ராமை நெட்வொர்க் வழியா கூப்பிடுற முறை) சர்வர் பத்தின ஒரு கையேட்டுல த்ரெட் பூல் சைஸ்ங்கறதை "நூல் குளத்தின் அளவு 10"னு தமிழாக்கியிருக்காங்க. இதே மாதிரி எத்தனை இடத்துல பாத்துட்டேன், இனியும் சும்மா இருக்க முடியல.

த்ரெட், முறுக்குறதுங்கற வேர்லேந்து வந்த பழைய இங்கிலீஷ் சொல்லு. கம்ப்யூட்டர்ல இந்தப் பேரைச் சொன்னவர் விக்டர் விசோட்ஸ்கினு, சால்ட்சர்ங்கற ஆராய்ச்சியாளரோட 1966 எம்ஐடி ஆய்வேடு சொல்லுது. ஒரு ப்ராசஸுக்குள்ள, அதாவது ஓடிட்டு இருக்குற ஒரு ப்ரோக்ராமுக்குள்ள, தனியா ஓடுற வேலை ஓட்டம், அவ்ளோதான்.

இதுக்கு இழைதான் சரி. பல இழை சேந்து முறுக்குனாத்தான் நூல், ப்ராசஸுக்குள்ளயும் பல த்ரெட் சேந்து ஓடலாம், அப்ப உள்ள இருக்குற ஒண்ணை எப்படி நூல்னு சொல்றது? அதவிட பெரிய வம்பு, ப்ரோக்ராம்ல எடுத்துப் போட்டுக்கிற ரெடிமேட் கோடு தொகுப்பான லைப்ரரிக்கு நூலகம்னு ஏற்கெனவே வச்சாச்சு. "இந்த நூலகம் ஒவ்வொரு அழைப்புக்கும் புதிய நூலை உருவாக்கும்"னு எழுதினா முதல் வருஷம் படிக்கிற பிள்ளை புத்தகம்னுதானே நினைக்கும்! எழுதுனவங்க அந்த வரிய ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சிருந்தாலே தெரிஞ்சிருக்கும்.

குளம் அதவிட மோசம். இங்கிலீஷ்ல பூல்னு ரெண்டு சொல்லு இருக்கு. தண்ணி பூல் வேற, சூதாட்டத்துல எல்லாரும் நடுவுல வைக்கிற பந்தயப் பணம் வேற, அது பிரெஞ்சுலேந்து வந்தது. த்ரெட் பூல் இந்த ரெண்டாவது வகை, பொதுவுல வச்சு வேணுங்கறப்ப எடுத்து, முடிஞ்சதும் திருப்பி வைக்கிறது. அதான் இருப்பு. அகராதியில முதல்ல கண்ணுல பட்ட அர்த்தத்தைத் தூக்கிப் போட்டா இப்படித்தான் ஆகும்.

த்ரெட் மாடல்னு வர்ற இடத்துல மாடலை மாதிரின்னு போடுறதும் தப்பு, அது சாம்பிள். இங்க முறைங்கறதுதான் பொருந்தும். கோர்பாவுல (இதுவும் அப்படி நெட்வொர்க் வழியா கூப்பிடுறதுக்கான ஒரு தரமுறை) வர்ற அழைப்பை நம்ம கோடுக்கு அனுப்புற பகுதியான பிஓஏவுக்கு சிங்கிள் த்ரெட் மாடல்னு வச்சா அழைப்பெல்லாம் ஒண்ணு முடிஞ்சு ஒண்ணாத்தான் உள்ள வரும், அது ஒற்றையிழை முறை. ஓஆர்பி கன்ட்ரோல் மாடல்ல முடிவு ஓஆர்பி கையில (அழைப்பைக் கொண்டுபோய்ச் சேக்குற நடுவாள் அது), ஒரே நேரத்துல நாலு அழைப்பு உள்ள வரலாம், ஒண்ணு தொடுற டேட்டாவை அதே நேரத்துல இன்னொண்ணு தொடாம லாக் போடுறது நம்ம பொறுப்பு.

பேர் சரியா இருந்தா கோளாறும் சட்டுனு புரியும். இருப்புல 10 இழை. பத்தும் இன்னொரு சர்வரைக் கூப்பிட்டுட்டு பதிலுக்குக் காத்து நிக்குது, அந்த சர்வரோ பதில் சொல்லணும்னா நம்மளையே திருப்பிக் கூப்பிடணும். அதை எடுத்துப் பேச இங்க இழை இல்ல, ரெண்டு பக்கமும் அப்படியே நின்னுடும். இழை இருப்பு தீந்துபோச்சுன்னு சொல்லுங்க, சர்வர் பக்கமே போகாதவங்களுக்கும் விளங்கும்.