பத்துக்குப் பத்து அறையில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோ

வீட்டிலேயே ஒரு சின்ன ஸ்டுடியோ போடலாம் என்று கிளம்புகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எந்த மைக் வாங்கலாம்?" என்பதைத்தான். நான் திருப்பிக் கேட்பது "எந்த அறையில் வைக்கப் போகிறீர்கள்?" என்று. பத்தாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும் மைக்குகளே இன்று அவ்வளவு நன்றாக இருக்கின்றன, அந்த விஷயத்தில் தப்பு செய்வதுதான் கஷ்டம். ஆனால் அறை விஷயத்தில் தப்பு செய்யவே வேண்டியதில்லை, அந்தத் தப்பைக் கொத்தனார் ஏற்கெனவே கட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். செங்கல் சுவர், அதன்மேல் சிமென்ட் பூச்சு, தலைக்கு மேலே கான்கிரீட் தளம், காலுக்குக் கீழே டைல்ஸ். இந்த நான்கும் தம்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கைத்தான் உறிஞ்சும், மிச்சத்தை அப்படியே திருப்பி அனுப்பிவிடும்.

காலி அறையின் நடுவில் நின்று ஒரே ஒரு முறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். தட்டல் முடிந்த பிறகும் 'ட்ர்ர்ர்' என்று ஒரு வால் இழுபடும். பத்தடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒலி நொடிக்கு 50 தடவைக்கு மேல் போய்வருகிறது, ஒவ்வொரு தடவையும் துளிதான் குறைகிறது. நீங்கள் பாடும்போது, பேசும்போது, வீணை வாசிக்கும்போது எல்லாம் அந்த வால் கூடவே பதிவாகும். பதிவான பிறகு குரலையும் வாலையும் சுத்தமாகப் பிரிக்க முடியாது. இப்போது செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் ஓரளவு பிரித்துத் தருகின்றன, ஆனால் குரலின் ஓரங்களையும் சேர்த்துத் தின்றுவிடுகின்றன, பாட்டுக்கு அது ஆகாது.

இந்த வாலை முதன்முதலில் ஒழுங்காக அளந்தவர் வாலஸ் கிளெமன்ட் சபைன் என்ற அமெரிக்க இயற்பியலாளர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895-இல் புதிதாகத் திறந்த ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரைக் கூடத்தில் பேசினால் யாருக்கும் எதுவும் புரியவில்லை, சொல்லி முடித்த வார்த்தை ஐந்து நொடிக்கு மேல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யச் சொல்லி இவரிடம் கொடுத்தார்கள். ஊர் அடங்கிய இரவுகளில், பக்கத்து சாண்டர்ஸ் அரங்கத்தின் இருக்கை மெத்தைகளைத் தூக்கி வந்து போட்டு, ஓர் ஆர்கன் குழாயை ஊதவிட்டு, ஒலி காதுக்குக் கேட்காமல் போகும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். மெத்தைகளைக் கூட்டக் கூட்ட நேரம் குறைந்தது. அறையின் கன அளவு அதிகமானால் முழக்கம், அதாவது அந்த வால், நீளும், உறிஞ்சும் பரப்பு அதிகமானால் முழக்கம் குறையும் என்ற அவருடைய சூத்திரம்தான் இன்றும் ஸ்டுடியோ கட்டுகிறவர்களின் அரிச்சுவடி. நமக்கு இதில் நல்ல சேதி, சபைன் பயன்படுத்தியது வெறும் மெத்தைதான். பழைய இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைப் பாடுகிறவருக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்தாலே குரல் பதிவு கேட்கத் தகுந்ததாக மாறிவிடும்.

சரி, அப்படியானால் கடையில் விற்கிறார்களே, கூம்புக் கூம்பாக ஓர் அங்குல ஃபோம், அதை ஒட்டினால் போதாதா? இங்கேதான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள். பஞ்சு மாதிரியான பொருள் ஒலியை உறிஞ்சுவது உராய்வால். காற்று அதன் நுண்துளைகளுக்குள் முன்னும் பின்னும் அசையும்போது இழைகளில் உரசி, ஒலியின் ஆற்றல் வெப்பமாகிவிடுகிறது. ஆனால் சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசைய முடியாது, சுவர்தான் தடுக்கிறதே. சுவரிலிருந்து அலைநீளத்தில் கால் பங்கு தூரம் தள்ளி இருக்கும் இடத்தில்தான் காற்று மிக வேகமாக அசைகிறது. 3,500 ஹெர்ட்ஸ் ஒலிக்கு, அதாவது நொடிக்கு 3,500 முறை அதிரும் ஒலிக்கு, அந்தக் கால் பங்கு என்பது ஓர் அங்குலம். 100 ஹெர்ட்ஸுக்கோ கிட்டத்தட்ட மூன்றடி. அதனால் ஓர் அங்குல ஃபோம் 'ச', 'ஸ' போன்ற கீச்சொலிகளை மட்டும் தின்றுவிட்டு, குரலின் அடிப்பகுதியைத் தொடாமல் விட்டுவிடும். கேட்டால் போர்வைக்குள் இருந்து பேசுகிற மாதிரி மந்தமாகவும் இருக்கும், 'கும்' என்ற முழக்கமும் போயிருக்காது. நான்கு அங்குலக் கிளாஸ் வூல் அல்லது ராக் வூல் பலகையை மரச்சட்டத்தில் அடித்து, மேலே துணி போர்த்தி, சுவரிலிருந்து இன்னும் நான்கு அங்குலம் தள்ளி மாட்டினால் மேலிருந்து 400 ஹெர்ட்ஸ் வரை இறங்கி நன்றாக வேலை செய்யும், அதற்குக் கீழேயும் ஓரளவுக்கு. அப்படி நாலைந்து பலகைகள் போதும். இழை உதிராதபடி துணியை நெருக்கமாகத் தைத்துவிடுங்கள், வேலை செய்யும்போது முகக்கவசம் கட்டாயம்.

முட்டை அட்டையை ஒட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், வேண்டாம். அதில் பொருள் என்று ஒன்றுமே இல்லை, மெல்லிய காகிதக்கூழ், சட்டென்று தீப்பிடிக்கும். வெளிச் சத்தத்தையும் அது தடுக்காது. தடுப்பது என்பது உறிஞ்சுவதிலிருந்து வேறான வேலை, அதற்குத் தேவை கனம். சுவரின் எடையை இரட்டிப்பாக்கினால் தோராயமாக 6 டெசிபல் (ஒலியின் அளவைச் சொல்லும் அலகு) கூடுதலாகத் தடுக்கும், அவ்வளவுதான். நம் ஒன்பது அங்குலச் சுவர் ஏற்கெனவே போதுமான கனம் உள்ளது. சத்தம் வருவது கதவிடுக்கிலும் ஜன்னலிலும். சுவர்ப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே மீதி எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. கதவுக்கு அடியில் ரப்பர் பட்டி ஒட்டுவது எந்தப் பலகையையும் விட முந்திச் செய்ய வேண்டிய வேலை.

அறையைப் பற்றி இன்னும் ஒன்று இருக்கிறது, நம் ஊருக்கு அது ரொம்பவே பொருந்தும். ஓர் ஒலியின் அரை அலைநீளம் அறையின் நீளத்துக்குச் சரியாக இருந்தால், போகிற அலையும் திரும்புகிற அலையும் கூடி ஒரே இடத்தில் நிலைத்து நிற்கும். பத்தடிக்கு அது ஏறக்குறைய 57 ஹெர்ட்ஸ், அடுத்தது 114, அப்புறம் 171. நீளம், அகலம், உயரம் மூன்றும் வேறு வேறாக இருந்தால் இந்த எண்கள் பரவலாக விழும். பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்தடி என்றால் மூன்றும் ஒரே எண்ணில் வந்து குவியும். இதில் 114 ஹெர்ட்ஸ் சராசரி ஆண் குரலின் அடிச் சுருதிக்குள்ளேயே இருக்கிறது. அறையின் சரிநடுவில் நின்று பாடினால் 57 காணாமல் போய், 114 ஊதிப்பெருகும். குறிப்பிட்ட ஒரு ஸ்வரம் வரும்போது மட்டும் குரல் திடீரென்று பருத்துக் கேட்கிறதே என்று தொண்டையைச் சந்தேகப்படாதீர்கள். நடுவிலிருந்து ஓரிரண்டு அடி விலகி, கொஞ்சம் கோணலாக நின்று பாடிப் பாருங்கள். ஒரு மூலையில் பீரோ நிறையத் துணி இருந்தால் அதைத் திறந்து வைத்து, அதற்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்.

இப்போது மைக். கண்டென்சர் மைக்குக்குள் சில மைக்ரான் கனமே உள்ள ஒரு பிளாஸ்டிக் படலம், அதன்மேல் தங்கப்பூச்சு, அதற்குப் பின்னால் மயிரிழை இடைவெளியில் ஓர் உலோகத் தகடு. ஒலி பட்டுப் படலம் அசையும்போது இடைவெளி மாறி மின்னழுத்தம் மாறுகிறது. இதற்கு மின்சாரம் தேவை, மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸில் '48 வோல்ட்' என்று ஒரு பொத்தான் இருப்பது அதற்காகத்தான். டைனமிக் மைக்கில் படலத்தோடு ஒட்டிய கம்பிச்சுருள் காந்தத்துக்குள் அசைந்து தானே மின்சாரம் உண்டாக்கிக்கொள்கிறது. 1966-இலிருந்து மேடைகளில் இருக்கும் ஷூர் எஸ்எம்58 அந்த வகை. சத்தமாகப் பேசும் குரலுக்கும் அது தருவது ஓரிரு மில்லிவோல்ட்தான், அதை ஆயிரம் மடங்குவரை பெருக்குவது இன்டர்ஃபேஸில் இருக்கும் பிரீஆம்பின் வேலை.

"டைனமிக் மைக் அறைச் சத்தத்தை எடுக்காது" என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் அதை நாம் வாயருகே வைத்துப் பேசுகிறோம், அதனால்தான் அறை குறைகிறது. தூரம் பாதியாகும்போது நேரடிக் குரல் 6 டெசிபல் ஏறும், அறையின் முழக்கமோ அப்படியே இருக்கும். இரண்டடி தள்ளி இருந்த மைக்கை அரையடிக்குக் கொண்டுவந்தால் 12 டெசிபல் லாபம், செலவே இல்லாமல். அதற்கும் கிட்டே போனால் அடித்தொனி வீங்கும், 'ப' வரும்போது காற்று வந்து அறையும், எனவே ஒரு சாண் தூரம் நல்லது.

மேஜைமேல் மைக்கை வைக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது, மேஜையில் பட்டுத் தெறித்த குரலும் மைக்குக்கு வருகிறது. அது நேரடிக் குரலைவிட ஓரடிக்குச் சற்று அதிகமாகச் சுற்றிவந்தால் ஒரு மில்லிநொடி தாமதம். அப்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பல இடங்களில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதைத்தான் 'டப்பாக்குள் பேசுகிற மாதிரி' என்கிறோம். மேஜையில் ஒரு தடித்த துண்டை மடித்துப் போடுங்கள்.

ஃபேனை நிறுத்தித்தான் ஆக வேண்டும். மே மாதத்தில் சிரமம்தான், பல்லவி ஒரு டேக், சரணம் ஒரு டேக் என்று பிரித்து எடுத்து, நடுநடுவே போட்டுக்கொள்ளலாம். ஃபேனை நிறுத்திய பிறகும் 'ம்ம்ம்' என்று கேட்டால் அது மின்சாரம், 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். மைக்குக்கு வரும் மூன்று முனைக் கேபிள் ஒரே சமிக்ஞையை நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பிகளில் அனுப்புகிறது. வழியில் நுழையும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும், மறுமுனையில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இரைச்சல் மறைந்து குரல் மட்டும் மிஞ்சும். அதையும் மீறி உறுமினால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி எர்த் சரியில்லாத பிளக் பாயின்டாக இருக்கலாம், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதுதான்.

அங்கிருந்து எல்லாம் எண்கள். இன்டர்ஃபேஸ் நொடிக்கு 48,000 முறை மின்னழுத்தத்தை அளந்து எழுதுகிறது. காதுக்கு எட்டும் உச்சம் 20,000 ஹெர்ட்ஸ், அதைப்போல் இருமடங்குக்கு மேல் அளந்தாலே அலையை முழுமையாகத் திரும்ப வரைந்துவிடலாம் என்பது நைக்விஸ்ட், ஷானன் ஆகியோரின் கணக்கு. படிக்கட்டு மாதிரி உடைந்துபோகும் என்பதெல்லாம் கட்டுக்கதை. ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதுவது என்பதுதான் பிட் கணக்கு, 16 பிட்டில் 65,536 படிகள், 24 பிட்டில் ஒரு கோடியே 67 லட்சத்துக்கு மேல். ஆகவே 24 பிட்டில் எடுங்கள், பதிவு தாங்கும் உச்ச அளவு பூஜ்யம், உங்கள் குரலின் உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை (பெருக்கும் அளவை) குறைத்தே வையுங்கள். குறைவாக எடுத்ததைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம், சிவப்பைத் தொட்டு வெட்டுப்பட்ட அலையைச் சரியாக மீட்க முடியாது.

ஹெட்ஃபோனில் நம் குரலே தாமதமாக வந்து தாளம் தவறுகிறதென்றால் பஃபரைப் பாருங்கள். கணினி எண்களைக் கட்டுக்கட்டாகத்தான் வாங்கும், அந்தக் கட்டின் அளவுதான் பஃபர். 256 எண்கள் ஒரு கட்டு என்றால் அதற்கே 5 மில்லிநொடிக்கு மேல், 1024 என்றால் 21. போகவும் வரவும் சேர்த்தால் இரட்டிப்பு. பதிவின்போது 128-இல் வைத்து, மிக்ஸ் செய்யும்போது 1024-க்கு ஏற்றுங்கள். இன்டர்ஃபேஸில் 'டைரக்ட் மானிட்டர்' இருந்தால் கணினிக்குப் போகாமலே குரல் காதுக்கு வரும், இன்னும் நல்லது.

மென்பொருளில் அதிகம் யோசிக்க வேண்டாம். 2000-இலிருந்து இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி பேச்சுக்குப் போதும். பாட்டுக்கு ரீப்பர் எடுங்கள், லேசானது, பழைய லேப்டாப்பிலும் ஓடும். மிக்ஸ் முடித்துக் கோப்பாக வெளியேற்றும்போது சத்தத்தை உச்சவரம்புவரை ஏற்றாதீர்கள். யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு) என்ற அளவை ஒட்டித்தான் ஒலிக்கவிடுகின்றன, நீங்கள் நசுக்கிச் சத்தமாக்கி அனுப்பினால் அவர்களே குறைத்துவிடுவார்கள், நசுங்கியது மட்டும் அப்படியே இருக்கும்.