‘இன்க்ளூசிவ் எஜுகேஷன்’: தமிழில் எப்படிச் சொல்வது?

மாற்றுத்திறனுள்ள பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் காதில் அடிக்கடி விழும் சொல் ‘இன்க்ளூஷன்’. எல்லாப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் ஒன்றாகப் படிப்பது, அதற்கேற்பப் பள்ளி மாறுவது என்று பொருள். வட்டார வள மையத்தில் சொல்வார்கள், சிறப்புப் பயிற்றுநர் சொல்வார், தனியார் பள்ளி விளம்பரத்தில்கூட இருக்கும். அரசுக் கடிதங்களில் இது ‘உள்ளடக்கிய கல்வி’. சில இடங்களில் ‘உள்ளடங்கிய கல்வி’. இவற்றோடு ‘ஒருங்கிணைந்த கல்வி’ என்பதையும் கலந்துகட்டி எழுதுகிறோம். எல்லாம் ஒன்றுதானே என்று விட்டுவிட முடியாது. எந்தச் சொல்லை எழுதுகிறோமோ அதற்கேற்பத்தான் பள்ளி பதில் சொல்கிறது.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன். ‘இன்’ என்றால் உள்ளே, ‘க்ளாடெரெ’ என்றால் அடைத்தல், மூடுதல். உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவதுதான் ஆதிப் பொருள். வெளியே நிறுத்திச் சாத்தினால் ‘எக்ஸ்க்ளூட்’. ‘க்ளோஸ்’ என்ற சொல்லும் இதே குடும்பம்தான்.

கல்வியில் இந்தச் சொல் பரவலானது பிற்பாடு. 1970களில் புழங்கியது ‘இன்டெக்ரேஷன்’. இந்தியா 1974-இல் கொண்டுவந்த மத்திய அரசுத் திட்டத்தின் பெயரிலும் அதுதான் இருந்தது. அதைத்தான் நாம் ‘ஒருங்கிணைந்த கல்வி’ என்றோம். இயலாமை உள்ள பிள்ளை சாதாரணப் பள்ளிக்கு வரலாம், உதவித்தொகையும் கருவிகளும் கிடைக்கும், ஆனால் பள்ளி இருந்தபடியே இருக்கும். 1994 ஜூன் மாதம் ஸ்பெயினின் சலமன்கா நகரில் 92 அரசுகளின் பிரதிநிதிகள் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். எல்லாப் பிள்ளைகளும் சாதாரணப் பள்ளிக்கு வர வேண்டும், பள்ளி அவர்களுக்கேற்ப மாற வேண்டும் என்ற கருத்தும் ‘இன்க்ளூஷன்’ என்ற சொல்லும் உலகெங்கும் பரவியது அதற்குப் பிறகுதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா.வின் 2006 உடன்படிக்கையின் 24-ஆவது பிரிவு இதை உரிமையாக்கியது. இந்தியா 2007-இல் அதை ஏற்றது. நம்முடைய மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் வந்தபோது இந்தச் சொல்லுக்கு வரையறையே எழுதிவிட்டார்கள். இயலாமை உள்ள மாணவர்களும் இல்லாதவர்களும் ஒன்றாகப் படிக்க வேண்டும். கற்பிக்கும் முறை அவரவர் தேவைக்கேற்பத் தகவமைக்கப்பட வேண்டும். வரையறையின் முதல் பாதியைப் பள்ளிகள் நன்றாகவே நினைவில் வைத்திருக்கின்றன. நாம் வலியுறுத்த வேண்டியிருப்பது இரண்டாம் பாதியை.

என் மகளுக்கு மூளை முடக்குவாதம். மூன்றாம் வகுப்பு மாடியில் இருந்தது. காலையில் நான் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைப்பேன், மதியம் கழிப்பறைக்கு அழைத்துப்போக மறுபடி வருவேன். பி.டி. பீரியடில் எல்லோரும் மைதானத்துக்கு ஓடுவார்கள். அவள் மற்றவர்களின் தண்ணீர் பாட்டில்களுக்குக் காவல் இருப்பாள். யாரும் அவளைக் கடிந்து பேசியதில்லை, டீச்சர் உண்மையிலேயே பிரியமாக இருந்தார். வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தது. இதுதான் ஒருங்கிணைத்தல். அடுத்த வருடம், பல முறை கேட்ட பிறகு, அவள் படிக்கும் வகுப்பையே கீழ்த்தளத்துக்குக் கொண்டுவந்தார்கள். மேலே ஒரு வகுப்பு, கீழே ஒரு வகுப்பு, அறையை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். செலவு எதுவும் இல்லை. அந்த அறை மாற்றத்துக்குப் பெயர் உள்ளடக்கல்.

மாற்றத்துக்கு முந்தைய அந்த நிலையைச் சொல்லத் தமிழ்ப் பிள்ளைகளிடம் ஒரு தொடர் தயாராக இருக்கிறது: ‘ஒப்புக்குச் சப்பாணி’. சில ஊர்களில் ‘உப்புக்குச் சப்பாணி’ என்பார்கள். தெருவில் ஆடும்போது சின்னதுகள் அழுதால் ஆட்டத்தில் விட்டுக்கொள்வார்கள். ஆனால் அது தொட்டாலும் கணக்கில்லை, அவுட் ஆனாலும் கணக்கில்லை. ஒப்புக்கு என்றால் பேருக்கு. சப்பாணி என்பது நடக்க முடியாதவரைக் குறிக்கும் பழைய சொல். பிள்ளைத்தமிழில் வரும் சப்பாணிப் பருவம் வேறு. அது குழந்தை கைகொட்டி ஆடும் பருவம். கணக்கில் வராத ஆட்டக்காரருக்குப் பெயர் வைக்க நம் ஊர் தேடியெடுத்தது நடக்க முடியாதவரைத்தான் என்பதை நினைத்தால் எனக்கு மனசு வலிக்கிறது. இந்தத் தொடரை நான் இப்போது பேச்சில் பயன்படுத்துவதில்லை. ஆனால் தலைமையாசிரியர்களிடம் ‘பேருக்குச் சேர்த்திருக்கிறீர்கள்’ என்று சொல்லும்போது அவர்கள் மனதில் ஓடுவது இதுதான் என்று தெரியும்.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘ஒருங்கிணைந்த’ என்பதை இந்தப் பொருளில் விட்டுவிடலாம். பழைய கருத்தின் பெயர் என்பது ஒரு காரணம். இன்னொன்று, 2018-இல் வந்த ‘சமக்ர சிக்ஷா’ என்ற மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டத்துக்குத் தமிழில் ‘ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி’ என்று பெயர். அங்கே ஒருங்கிணைந்தவை திட்டங்கள். அந்தப் பெயரில் பிள்ளைகளைப் பற்றிய பேச்சே இல்லை. கடிதத் தலைப்பில் இந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, நம் பிள்ளைக்காகவே வந்த திட்டம் என்று நினைத்த பெற்றோர் உண்டு.

மற்ற இரண்டில் ‘உள்ளடங்கிய’ வேண்டாம் என்பேன். அடங்கு தன்வினை. பிள்ளை தானே ஒடுங்கி, இருக்கிற இடத்துக்குள் தன்னைப் பொருத்திக்கொள்கிறது என்ற பொருள் அதில் ஏறிவிடும். ‘உள்ளடக்கிய’ பிறவினை, செய்ய வேண்டியது பள்ளி. அடக்கு என்றால் ஒடுக்குவதுபோல் இல்லையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பொருளடக்கம், உள்ளடக்கம் என்று சொல்லும்போது யாருக்கும் அப்படித் தோன்றுவதில்லை, இதுவும் பழகிவிடும். இலங்கையில் ‘உட்படுத்தல் கல்வி’ என்கிறார்கள், அதுவும் பிறவினைதான்.

அப்புறம், பேசும்போது எனக்குப் பிடித்த சொல் ‘சேர்த்துக்கொள்ளுதல்’. சேர்ப்பது வேறு, சேர்த்துக்கொள்வது வேறு. பள்ளியில் சேர்க்கை ஒரு நாளில் முடிந்துவிடும், ரசீது தருவார்கள். ‘என்னையும் ஆட்டத்துல சேத்துக்குறீங்களா?’ என்று பிள்ளை கேட்பது அதைத் தாண்டியது. கொள் என்ற துணைவினை வந்ததும் தனக்குரியதாக ஏற்கிற பொருள் வந்துவிடுகிறது. பெற்றோர் கூட்டத்தில் ‘உள்ளடக்கல்’ என்றால் பலர் முகத்தைப் பார்ப்பார்கள். ‘சேர்த்துக்கொள்ள வேண்டும்’ என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

சிறப்புப் பள்ளிகளைக் குறைத்துப் பேச இதை எழுதவில்லை. மும்பையில் 1972-இல் மித்து அலூர் தொடங்கிய பள்ளியும், சென்னையில் 1985-இல் பூனம் நடராஜன் தொடங்கிய வித்யாசாகரும் பிள்ளைக்காகப் பெற்றோர் எழுப்பியவை. அந்த அனுபவத்திலிருந்துதான் பொதுப் பள்ளிக்கான குரலும் வலுவாக எழுந்தது. 2016 சட்டத்தின் 31-ஆவது பிரிவும், 40 சதவீதமோ அதற்கு மேலோ இயலாமை உள்ள பிள்ளைக்கு 6 வயதிலிருந்து 18 வரை, அருகிலுள்ள பள்ளியோ சிறப்புப் பள்ளியோ தேர்ந்தெடுத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. தேர்வு நம்முடையது என்பதை மறக்காமல் சொல்ல வேண்டும். ‘உங்க பிள்ளைக்கு அந்த ஸ்கூல்தான் சரி’ என்று இன்னொருவர் முடிவுசெய்ய அதில் இடமில்லை.

கூடவே வரும் இன்னொரு சொல் ‘சலுகை’. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு, எல்லாவற்றுக்கும் இந்தப் பெயர்தான். சலுகை என்றால் கொடுப்பவரின் தயவு. சட்டம் பேசுவது உரிமையைப் பற்றி. ‘தேர்வு ஏற்பாடு’ என்று எழுதினாலே போதும்.

மனு எழுதும்போது ‘உள்ளடக்கிய கல்வி’ என்றே எழுதுங்கள், அலுவலகத்துக்குத் தெரிந்த சொல் அது. 2016 சட்டம், 16-ஆவது பிரிவு என்று குறிப்பிடுங்கள். அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற எல்லாப் பள்ளிகளையும் பற்றிப் பேசும் அந்தப் பிரிவின் முதல் உட்பிரிவிலேயே, பாகுபாடில்லாத சேர்க்கையோடு, மற்றவர்களுக்குச் சமமாக விளையாட்டும் பொழுதுபோக்கும் இருக்கிறது. பி.டி. பீரியடில் பிள்ளை வகுப்பறையில் தனியாக உட்கார்ந்திருந்தால், அதையும் மனுவில் ஒரு வரியாகச் சேருங்கள்.